மீசை வெளிநாடு போகிறது

அத்தியாயம் 17

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று மாலை நான்கு மணி தொடங்கி உலக சினிமாவின் வேலை முடியும் வரை இந்த வீட்டில் மிக்ஸி ஓடாது. குழாய் திறக்கப்படாது. வாசல் மணியின் கம்பி கழற்றி வைக்கப்படும். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றுவது தவிர்க்க முடியாத காரியங்களுக்கு மட்டும் அனுமதிக்கப்படும். தும்மல் வருகிறவர்கள் முன்கூட்டியே மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். இப்படிக்கு, மேலாண்மை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்தும் விடியாததுமாக வந்து விழுந்த இந்த அறிக்கையை அண்ணி பல் தேய்த்துக்கொண்டே படித்தாள். குழுவில் இருப்பது மூன்றே பேர். அவள், அவள் கணவர், அறிக்கை விட்ட கொழுந்தன். மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மேலாண்மை அப்போது தோளில் துண்டோடு பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, அவள் எப்போது வெளியே வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தது.

"மேலாண்மைன்னா யாரு தம்பி?" என்றாள் கதவைத் திறந்து.

"நான்தான் அண்ணி."

"அப்போ 'இப்படிக்கு கொழுந்தன்'னு போட வேண்டியதுதானே?"

"உலக அளவுல போகும்போது சொந்தபந்தம் வெளிய தெரியக்கூடாது அண்ணி."

"வெளிய தெரியறது துண்டுதான். போய்க் குளி."

அவள் கணவரை வெளியுலகத்துக்குப் 'பெரியண்ணன்' என்றால்தான் தெரியும். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒன்பது வருஷம் கூட்டுக் குடும்பத்தின் மூத்தவராக இருந்தவர். தம்பிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அவை முறிந்தபோது கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் செய்துவைத்தார். வசனம் அதிகம் கிடையாது. யாராவது கெட்ட சேதி கொண்டுவந்தால் அவர் முகத்தை இடி முழக்கத்தோடு மூன்று தடவை காட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த வகையில்தான் இவள் அண்ணியானாள். பல்செட் செய்யும் கூடத்தில் இவளோடு வேலை பார்ப்பவர்கள், அப்பா வயசுள்ள முதலாளி உட்பட, எல்லாருக்கும் இவள் அண்ணி.

நடுநடுவே இந்திப் படங்கள் வந்தன. அங்கே அவர் போலீஸ் அதிகாரி. கதாநாயகன் எல்லாரையும் அடித்துப் போட்ட பிறகு ஜீப்பில் வந்து இறங்குகிறவர். நிறையப் படங்களில் வந்தார். ஒன்றில்கூட நேரத்துக்கு வரவில்லை.

போன வருஷம் வெளிநாட்டுப் படம் தேடி வந்தது. தேதி இடித்தது. தொடர்க்காரர்கள் யோசிக்கவே இல்லை, பெரியண்ணனை மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கொன்றார்கள். வெளிநாட்டுப் படத்தில் அவருக்கு ஒரே ஒரு காட்சி. பழைய விடுதியொன்றின் உரிமையாளர். பல வருஷம் கழித்துத் திரும்பி வரும் பெண்ணின் முன்னால் ஒரு சாவியை வைத்து, "உன் அறையை நான் வேற யாருக்கும் குடுக்கல" என்கிறார். அதை அவர் சமையலறையில் ஒத்திகை பார்த்தபோது எதிரில் நின்றவள் அண்ணிதான். அவர் இடதுகைக்காரர், இடது கையால் வீட்டுச் சாவியை எடுத்து, சத்தமே வராமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அந்த ஒற்றை வரியைச் சொன்னார். ஒரு நிமிஷம் எதிரில் இருப்பது தன் புருஷன் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அதையும் பார்க்கவில்லை.

படப்பிடிப்பு முடிந்து திரும்பி வந்தவர், படம் வெளியாகட்டும் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். வெயிலில் போனால் நிறம் மாறும் என்று போகவில்லை. ஐஸ் தண்ணீர் குடித்தால் குரல் மாறும் என்று குடிக்கவில்லை. இலவு காத்த கிளிகூட நடுவில் ஒருநாள் பறந்துபோய் நாலு பழம் கொத்தியிருக்கும். அண்ணி மட்டும் காலையில் எழுந்து ஊரார் பல்லைச் செய்யப் போய்க்கொண்டிருந்தாள்.

சென்ற வாரம்தான் சங்கடம் வண்டி பிடித்து வந்து சேர்ந்தது. ஒருநாள் வேலை என்று இந்திப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடித் திறப்பதற்குள், அவருடைய பிரசித்தி பெற்ற முறுக்கு மீசையை வழித்துவிட்டார்கள். இந்த இன்ஸ்பெக்டருக்கு மீசை கிடையாதாம். வழித்த பிறகு, ஜீப்பை மட்டும் படம் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

வெறும் உதட்டோடு வீட்டுக்கு வந்தால், வெளிநாட்டிலிருந்து சேதி காத்திருந்தது. அந்த விடுதிக் காட்சியில் கொஞ்சம் மறுபடி எடுக்க வேண்டுமாம். ஆள் அதே தோற்றத்தில் இருக்கிறாரா என்று வியாழக்கிழமை வீடியோவில் பார்த்துக்கொள்வார்களாம். இல்லையென்றால், அவர் இல்லாமலே சமாளித்துக்கொள்வார்களாம்.

அதே வியாழக்கிழமைக்குத்தான் தொடர்க்காரர்களும் கெடு வைத்திருந்தார்கள். செத்துப்போன பெரியண்ணனுக்கு இரட்டைத் தம்பி ஒருவன் இருந்தான் என்று கதையைத் திருப்பிவிட்டார்களாம். இவர் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். "இரட்டைன்னா முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?" என்று மேலாண்மை கேட்டதற்கு, "விபத்துல முகம் மாறிடுச்சுன்னு சொல்லிக்குவோம்" என்றார்களாம். தேதி வழக்கம்போல ஒன்றோடு ஒன்று முட்டியது. இரண்டில் ஒன்றுதான்.

இன்று வியாழக்கிழமை.

"தொடர்க்காரங்களுக்கு என்னங்க சொல்றது?" என்றாள் அண்ணி, கிளம்பும்போது.

பெரியண்ணன் வெந்நீரை ஆற்றிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்மா."

"எதைப் பாத்து?"

"முதல்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்து, அப்புறம் இவங்களைப் பாத்து..."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"எனக்கு இப்போ ரெண்டும் இல்ல" என்றார் அவர், மேலுதட்டைத் தடவிக்கொண்டு. அது உண்மைதான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பல்கூடத்தில் அன்று ஒரு பெரியவரின் மேல்வரிசை. இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, சூடான கத்தியால் ஓரம் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தொடருக்குக் கதை எழுதுகிற அம்மாள். எல்லாரும் கதை அக்கா என்பார்கள். பெரியண்ணனை மாடியிலிருந்து தள்ளிவிட்டது இந்தக் கைதான்.

"அண்ணி, சாயங்காலம் வரைக்கும் என்னால இழுக்க முடியாது. வேற ஒருத்தர் வந்து வெளிய சோபாவுல உக்காந்தாச்சு. சொந்த மீசையோட."

"அவர் கிட்ட கேட்டீங்களா அக்கா?"

"கேட்டா யோசிச்சுச் சொல்றேங்கறாரு. ஒரு வருஷமா அதானே பண்றாரு? நீங்க சொல்லுங்க. வர்றாரா, வரலையா?"

அண்ணி கையில் இருந்த முன்பல்லைப் பார்த்தாள். வீட்டில் இந்நேரம் அவர் ஃபிரிட்ஜின் முன்னால் நின்று, உள்ளேயிருக்கும் தயிரிடம் உன் அறையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால், நாளைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். நாளை மறுநாளும்.

"வர்றாரு" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தன் வாய் என்று அவளுக்கு உறைத்தது.

"ரொம்ப சந்தோஷம்! நாளைக்குக் காலைல வண்டி வந்துரும்" என்று கதை அக்கா வைத்துவிட்டார்.

சரியாகத்தான் செய்தோமா? புருஷனைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த வெளிநாட்டுக்காரர்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டால்? ஐயோ, சொல்ல வேண்டுமே என்றும் இருந்தது. சொல்லித் தொலைக்கக் கூடாதே என்றும் இருந்தது. எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

"அண்ணி" என்றார் முதலாளி, தோளுக்குப் பின்னாலிருந்து. "முன்பல்லு ரெண்டையும் உள்ளுக்குப் பாத்து நட்டிருக்கீங்க. பெரியவர் சிரிச்சா அவர் தொண்டைதான் பாக்கும்."

மேலாண்மையின் அழைப்பும் அப்போதுதான் வந்தது. நாடகக் கம்பெனியில் கெஞ்சி ஒட்டு மீசை வாங்கியாயிற்றாம். அச்சு அசல் அண்ணன் மீசையாம். ஆனால் அதோடு கொடுத்த பசைப் பாட்டில் காய்ந்து கல்லாகிவிட்டதாம்.

"நான் பசை எடுத்துட்டு வர்றேன்" என்றாள் அண்ணி. அன்றைக்கு அவள் தெளிவாகச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். அதுவும் தப்பு.

"இது பல்செட் ஒட்டுற பசையாச்சே?" என்றார் பெரியண்ணன், அவள் வீடு வந்து நீட்டிய டியூபை மூக்கருகே கொண்டுபோய்.

"வாய்க்குள்ள ஒட்டுறது வாய்க்கு மேல ஒட்டாதா? அசையாம இருங்க."

"புதினா வாசனை வருது."

"வீடியோவுல வாசனை போகாது அண்ணே" என்றது மேலாண்மை. முன்னறையை அது தலைகீழாக்கியிருந்தது. மேஜை நடுவில், அதன்மேல் லேப்டாப், பின்னால் சுவர்க் காலண்டர் இருந்த இடத்தில் கனமான புத்தகங்கள், பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரி. முகத்துக்கு நேரே வட்ட விளக்கு. அதன் சூட்டில் அப்பளம் பொரிக்கலாம்.

மீசை ஒட்டியது. உண்மையிலேயே நன்றாக ஒட்டியது. மூவரும் கண்ணாடியில் அதைப் பார்த்தார்கள். போன வாரம் வரைக்கும் இருந்த மனுஷன் திரும்பி வந்து நின்றது போல இருந்தது.

"ஏங்க" என்றாள் அண்ணி. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும்தான் சொல்லணும்" என்றார் அவர், உதட்டை அசைக்காமல். "சீரியல்ல என் முகத்தை மட்டும் காட்டினாங்க, பேச விடல. இந்தியில போய் இறங்கும்போது படமே முடிஞ்சிருக்கும். இந்த ஒரு இடத்துலதாம்மா முகமும் எனக்கு, வசனமும் எனக்கு. இது மட்டும் நின்னுட்டா போதும், அப்புறம் எந்த இரட்டைக்கு வேணாலும் போறேன். நீ என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"வேண்டாம், பசை ஊறிடும்."

நாலு மணி நெருங்கியது. தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் ஒலிபெருக்கியோடு நுழைந்தான். பெரியண்ணன் ஜன்னல் ஓரம் நின்று, கண்ணாடியில் தெரிந்த தன் மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை ஜன்னல் சட்டத்தில் ஊன்றியிருந்தது. மேலாண்மை வேங்கை போலப் பாய்ந்து வந்து, உலக சினிமாவைப் பழைய இரும்பிடமிருந்து காப்பாற்றும் பொருட்டு, ஜன்னல் கதவை இழுத்து அறைந்தது.

பெரியண்ணன் அலறிய அலறல், ஒன்பது வருஷத் தொடரில் அவர் மொத்தமாக எழுப்பிய சத்தத்தைவிட அதிகம்.

"மீசை! மீசை போச்சா?" என்று பதறியது மேலாண்மை.

அண்ணியும் முதலில் மீசையைத்தான் பார்த்தாள். அந்த வெட்கத்தைப் பிற்பாடு படலாம் என்று ஒத்திவைத்தாள். "இருக்கு, இருக்கு. அப்படியே இருக்கு."

"கை!" என்றார் அவர்.

மூன்று விரல்கள் கன்றிப்போய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கின. அண்ணி தன் பையிலிருந்து, பல்கூடத்துப் பஞ்சுத் துணியை எடுத்துச் சுற்றினாள். சுற்றிச் சுற்றி, கை ஒரு சின்னத் தலையணை அளவுக்கு வந்தது.

"மேஜைக்கு அடியில வச்சுக்கங்க அண்ணே" என்றது மேலாண்மை. "அவங்க பாக்கப் போறது முகத்தைத்தான்."

லேப்டாப் ஒலித்தது.

திரையில் இரண்டு பேர். தொப்பி போட்ட டைரக்டர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் அவருடைய உதவியாளராக ஒரு செம்பட்டை முடிப் பெண். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் பிரியமாகப் பேசினார்கள். அதில் ஒன்றும் குறையில்லை.

"ஆஹா, அதே மனிதர்!" என்றார் தொப்பிக்காரர். "எப்படி இருக்கிறீர்கள்?"

"நன்றாக இருக்கிறேன்" என்றார் பெரியண்ணன். விளக்குச் சூட்டில் மேலுதடு வேர்த்தது. பல்செட் பசைக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் அது இளகிக் கூழாகும். வாய்க்குள் ஈறும் பல்லும் அதை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூக்குக்குக் கீழே அதை அமுக்க யாரும் இல்லை. அதைத் தினமும் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்கிற அண்ணிக்கு, அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவோரம் நின்றுகொண்டு அவள் பார்க்கப் பார்க்க, மீசையின் வலது நுனி ஒரு நெல் அளவு கீழே இறங்கியது.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. உதட்டைக் கல்லாக்கிக்கொண்டார். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் கண்ணாலேயே பதில் சொன்னார். அப்படியும் வாய் திறந்தாக வேண்டியிருந்தால், அடித்தொண்டையில் ஒரே ஒரு சொல்.

"பார், பார்" என்று தொப்பிக்காரர் பக்கத்துப் பெண்ணிடம் பரவசப்பட்டார். "இந்த அடக்கம்! முகத்தில் ஒரு தசை அசைகிறதா பார். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது."

போதாதா? விளக்குக்குப் பின்னால் நின்ற மேலாண்மை கட்டைவிரலை உயர்த்தியது. மார்பு விரிந்தது. போனை எடுத்துக்கொண்டு பூனை போலச் சமையலறைக்குள் போனது. சந்தேகத்தோடு கதவில் காதை வைத்த அண்ணிக்கு, கிசுகிசுப்பு துல்லியமாகக் கேட்டது.

"தயாரிப்பாளர் சாரா? வணக்கம் சார். உங்க இரட்டையன் விஷயமா... இல்ல சார். அண்ணன் இனிமே உள்ளூர்ல கிடையாது. என்னது, அண்ணி ஒத்துக்கிட்டாங்களா? அவங்களுக்கு என்ன சார் தெரியும், பல்லு பத்தித்தான் தெரியும். அவனையும் மாடியிலேர்ந்து தள்ளி விட்டுருங்க. சொல்லுங்க, இரட்டைதானே, ரெண்டு பேருக்கும் ஒரே விதின்னு."

அண்ணிக்கு ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் சத்தம் போடக் கூடாது. காலையிலேயே அறிக்கை வந்திருக்கிறது. கத்தவும் முடியாமல், கையை மட்டும் காற்றில் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம். இப்போது தனக்கு வந்திருப்பது கோபமா, இல்லை, தான் கொடுத்த வாக்கை வேறு யாரோ உடைத்துவிட்டார்களே என்ற நிம்மதியா? திரையில் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தன் புருஷன் முகத்தை இவ்வளவு ஆசையாக யாரும் பார்த்து அவள் கண்டதில்லை. போகட்டும், தொடர் போனால் போகட்டும். இது நின்றுவிட்டால் போதும். முதல் தடவையாக அன்றைக்கு அவள் ஒரே ஒரு பக்கம் சாய்ந்தாள்.

"நீங்கள் தயாராக இருப்பதில் எங்களுக்கு ரொம்ப மகிழ்ச்சி" என்றாள் செம்பட்டை முடிப் பெண். "இப்போது காட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எடிட்டிங்கில் அது கொஞ்சம் மாறியிருக்கிறது."

பெரியண்ணன் தலையசைத்தார், மிக மெதுவாக. மீசை ஒரு பக்கம் தொங்கிற்று.

"கதாநாயகியின் முகத்திலேயே காட்சி நிற்கிறது. நீங்கள் அவளுக்கு எதிரே இருக்கிறீர்கள் என்பதை நாங்கள் உணர்கிறோம்."

"உணர்கிறோம்" என்றார் தொப்பிக்காரர், கண்ணை மூடி.

"என் வசனம்?" என்றார் பெரியண்ணன்.

"அற்புதமான வசனம். அது இல்லாதபோதுதான் அது எவ்வளவு அற்புதம் என்று தெரிந்தது. காட்சி இப்போது மௌனம்."

"என் முகம்?"

"முகத்துக்கு நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்" என்றாள் அவள் தாராளமாக. "மீசையை எடுத்துவிட்டால்கூட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

அந்த நேரம் பார்த்து மீசை கழன்று, மேஜை மேல் பொத்தென்று விழுந்தது. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சமையலறையிலிருந்து மேலாண்மை வெற்றிவீரனாக வெளியே வந்தது. "முடிச்சுட்டேன் அண்ணி!" என்று வாயசைத்தது.

"எங்களுக்குத் தேவை ஒரே ஒரு குளோசப்" என்றார் தொப்பிக்காரர். "அந்தச் சாவியை வைக்கும் கை. படத்தின் உயிரே அதுதான். வேறு ஆளை வைத்து எடுத்துப் பார்த்தோம், வரவில்லை. அந்த அழகான இடது கையை ஒரு தடவை தூக்கிக் காட்டுங்கள், போதும்."

பெரியண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மேலாண்மையைப் பார்த்தாள். மேலாண்மை ஜன்னலைப் பார்த்தது.

ஜன்னலில் நசுங்கியது இடது கைதான்.